வழிக்காசு

விமானத்தின் படியில் கால் வைப்பதற்கு முன்னால் ஷூசென் மூன்று காசு வீசினாள்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. மலையெல்லாம் மூடுபனி. ஏர்போர்ட்டில் ஆளுக்கொரு பச்சைக் குடை கொடுத்து, வரிசையாக நடக்கவிட்டிருந்தார்கள். அவள் குடையைச் சாய்த்துப் பிடித்து, அதன் மறைவில் கையை நீட்டி, இறக்கைக்குக் கீழே தொங்கிய அந்தப் பெரிய வட்ட வாயைப் பார்த்து எறிந்தாள். முதல் காசு ஈரத் தரையில் விழுந்து கிண் என்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதன் சத்தம் வரவேயில்லை. போய்ச் சேர்ந்துவிட்டது என்று மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டு படியேறினாள். அவளுக்குப் பின்னால் அவள் புருஷனின் அண்ணன் ஷான் ஏறி வந்தான்.

இருவரும் கம்போடியாவில் இருக்கும் பினோம்பென்னுக்குப் போகிறார்கள். அங்கே கட்டட வேலைக்குப் போன பிங், அவள் புருஷன், ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். போன வாரம் சாரம் சரிந்து அவன் வலது காலின் மேல் விழுந்தது. கால் அழுகத் தொடங்கிவிட்டது, எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிங் விடவில்லை. "எங்கண்ணன் வந்து பாத்துட்டு, எடுக்கலாம்னு அவன் வாயால சொல்லட்டும். அதுவரைக்கும் எவனும் கத்தியோட கிட்ட வரக்கூடாது" என்று ஒரே பிடியாகப் பிடித்தான். ஆஸ்பத்திரிக்காரர்களும் வீட்டு ஆள் வந்து கையெழுத்துப் போடாமல் தொடமாட்டோம் என்றார்கள். நேற்று சாயங்காலம் டாக்டர் போனில் சொன்னது இது: இன்று ராத்திரிக்குள் காலை எடுக்காவிட்டால் ஆளை எடுக்க வேண்டி வரும்.

இந்தச் சீன மலையூரிலிருந்து பினோம்பென்னுக்கு வாரத்தில் இரண்டே நாள்தான் விமானம். அதில் ஒன்று இன்றைக்கு அமைந்தது. குவாங்சோ வரை ரயிலில் போய் அங்கிருந்து ஏறினால் நாளை சாயங்காலம் ஆகிவிடும். ஆகவே இதை விட்டால் வேறு வழியில்லை.

வழி என்றால் வழிக்காசு போடத்தான் வேண்டும். ஷூசென் கல்யாணமாகி வந்தபோது ஆற்றுப் பாலத்தில் போட்டாள். அவள் மாமனாரைத் தூக்கிப் போனபோது முக்குக்கு முக்கு காகிதக்காசு இறைத்துக்கொண்டே போனார்கள். இந்த ஏர்போர்ட்டுக்காக மலையை உடைத்துப் பள்ளத்தை நிரப்பின காலத்தில் அவள் முதுகுக்கூடையில் கல் சுமந்தாள். பிங் கம்பி கட்டினான். ஷான் வெடி வைத்தான். முதல் வெடிக்கு முன்னால் மேஸ்திரி சாராயம் ஊற்றி, எல்லோரையும் குழியில் காசு போடச் சொன்னான். அந்த மலையில் யார் யாரோ குடியிருந்திருப்பார்கள், செத்தவர்களும் சேர்த்து. அவர்களிடம் கேட்காமல் நுழைய முடியுமா? ஆகாயத்தில் மட்டும் எப்படிச் சும்மா போவது?

காலையில் காத்திருப்புக் கூடத்தில் அவள் பை சிணுங்கியதைக் கேட்டு ஷான் கேலி செய்தான்.

"என்ன புள்ள, பையில மாட்டுக்குக் கட்டுற மணியா?"

"வழிக்காசுண்ணே."

"ஆகாசத்துல எந்தப் பிசாசு சுங்கச்சாவடி போட்டு உக்காந்திருக்கு? இப்ப ஊர்ல பிச்சைக்காரனே போனைக் காட்டித்தான் வாங்குறான். நீ சில்லறையைத் தூக்கிட்டு வர."

"நீங்களும்தானே அன்னிக்குக் குழியில போட்டீங்க?"

"போட்டாத்தான் சாராயம்னு மேஸ்திரி சொன்னான். போட்டேன். சாராயம் நல்லாயிருந்துச்சு."

ஷான் அப்படித்தான். மலையையே பிளந்த ஆள், பேய்க்கும் சாமிக்கும் ஒரே மரியாதைதான் கொடுப்பான். வெடிச் சத்தத்தில் ஒரு காது போய்விட்டது. ஆனால் இன்றைக்கு அவன் முகம் வெளிறியிருந்ததை அவள் கவனித்தாள். அவனும் விமானம் ஏறியவனில்லை. தம்பியை நினைத்துத்தான் இப்படி இருக்கிறான் என்று எண்ணிக்கொண்டாள்.

உள்ளே ஷானுக்கு ஜன்னலோரம், அவளுக்கு நடு சீட்டு. நடைவழியோர சீட்டில் ஒரு தடித்த ஆள் உட்கார்ந்து சூரியகாந்தி விதையைப் பல்லில் உடைத்துக்கொண்டிருந்தான். முன்னால் நாலைந்து வரிசை முழுக்கச் சிவப்புத் தொப்பி போட்ட பென்ஷன்காரர்கள், ஏதோ கோயில் பார்க்கப் போகிறவர்கள். இப்போதே பாட ஆரம்பித்துவிட்டார்கள். கதவு மூடியது. மூடுபனியால் புறப்பட அனுமதி வரவில்லை, பொறுத்திருங்கள் என்று அறிவித்தார்கள்.

பக்கத்து ஆள் தானாகவே பேச்சைத் தொடங்கினான்.

"முதல் தடவையாக்கா? முகத்துலயே எழுதியிருக்கு. என் பேரு ஜோவ். குழாய் வியாபாரம். மாசம் ஒரு தடவை இதுல போயிட்டு வர்றவன். பினோம்பென்ல எவன் வீட்டுலயாவது தண்ணி வருதுன்னா அது என் புண்ணியம்."

"இன்னும் ஏன் கிளம்பலை தம்பி?"

"பனி விலகணும். பயப்படாதீங்க, இன்னும் இஞ்சினே கிளப்பலை. இப்பக் கேக்குறது வெறும் காத்துச் சத்தம்." அவள் இரண்டு கையையும் மடியில் கோத்து இறுக்கியிருந்ததைப் பார்த்துச் சிரித்தான். "கும்பிடுங்க, தாராளமா கும்பிட்டுக்கோங்க. காசு மட்டும் போட்டுடாதீங்க."

ஷூசென் அவன் பக்கம் திரும்பினாள்.

"காசு போட்டா என்ன?"

"என்னவா? ஏன்க்கா, கேள்விப்பட்டதே இல்லையா? ஒரு ஊர்ல ஒரு அம்மா, நல்லபடியாப் போய்ச் சேரணும்னு வேண்டிக்கிட்டு இஞ்சின் வாயில காசைப் போட்டுச்சு. நல்லவேளை, கிளம்புறதுக்கு முன்னாடியே யாரோ பாத்துட்டாங்க. இல்லேன்னா எல்லாரும் ஒண்ணாப் போய்ச் சேந்திருப்பாங்க, அந்தம்மா வேண்டுன இடத்துக்கு இல்ல, வேற இடத்துக்கு." விதைத் தோலைக் காகிதத்தில் துப்பினான். "உள்ள தகடு சுத்துது பாருங்க, அது ஒவ்வொண்ணும் கத்தி. அதுல ஒண்ணு காசுல பட்டு முறிஞ்சுதுன்னா அது பக்கத்துல இருக்கிறதை முறிக்கும். அது அடுத்ததை."

"ஓட ஆரம்பிக்கும்போதே தெரிஞ்சிடாதா?"

"அப்பவும் தெரியலாம், மேல போனப்புறமும் தெரியலாம். அது காசோட இஷ்டம். மேல போய் நின்னுச்சுன்னா இறங்கித் தள்ளவா முடியும்?"

தன் பேச்சுக்குத் தானே சிரித்துவிட்டு அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

ஷூசெனுக்குக் கல் உடைக்கும் இயந்திரம் நினைவுக்கு வந்தது. ஓடுபாதை வேலையின்போது ஒருநாள் ஜல்லியோடு ஜல்லியாக ஒரு போல்ட்டு அதற்குள் போய்விட்டது. கட்டைவிரல் பருமன்கூட இல்லாத போல்ட்டு. உள்ளே ஒரு கடகடப்பு, அப்புறம் வெடிபோல ஒரு சத்தம். உருளையிலிருந்து சிதறிய துண்டு ஒன்று, சோற்றுக் கிண்ணத்தோடு ஓரமாக நின்றவனின் தாடையைக் கொண்டுபோய்விட்டது. சோறு மட்டும் அப்படியே கிண்ணத்தில் இருந்தது. அது மெதுவாகச் சுற்றுகிற இயந்திரம்.

மூன்றாவது காசின் சத்தம் வரவில்லை.

புல்லில் விழுந்திருக்கலாம் என்று நினைத்தாள். அங்கே புல் ஏது? அவளே கொட்டிய கல், அதன் மேல் சிமென்ட். யாராவது ஒருவர் குடையில் பட்டு விழுந்திருக்கலாம். பட்டிருந்தால் அந்த ஆள் திரும்பிப் பார்த்திருப்பாரே. ஒவ்வொரு சமாதானமாக எடுத்து எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் நிற்கவில்லை. உள்ளங்கையிலிருந்து வேர்வை வழிந்து கால்சட்டையை நனைத்தது. முன்வரிசையில் சிவப்புத் தொப்பிக்காரர்கள் பாட்டின் அடுத்த அடி நினைவில்லாமல் ஒருவரையொருவர் பரிகாசம் செய்துகொண்டிருந்தார்கள்.

ஷானின் நல்ல காதுப் பக்கம் குனிந்தாள்.

"அண்ணே. நான் போட்டுட்டேன்."

அவன் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. ஜோவ் சொன்னதையெல்லாம் அவனும் கேட்டிருக்கிறான் என்று அந்தக் கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"எத்தனை?"

"மூணு. ரெண்டு கீழ விழுந்துச்சு."

"மிச்சம் ஒண்ணு?"

"சத்தம் வரலைண்ணே."

ஷான் கையைத் தொடையில் குத்தி வைத்திருந்தான், விரல் முட்டி வெளுத்துப்போயிருந்தது.

"வாயை மூடிக்கிட்டு உக்காரு."

"இத்தனை உசுரு உக்காந்திருக்குண்ணே..."

"ஒரு உசுரு அங்க அழுகிக்கிட்டுக் கிடக்கு. நீ வாயைத் திறந்தா உன்னை இறக்குவான், கூட வந்தவன்னு என்னையும் இறக்குவான். அப்புறம் அவனுக்கு யாரு இருக்கா? நீ கட்டிக்கிட்டவன்தானே அவன்?"

"நாம விழுந்து செத்தா மட்டும் அவருக்கு யாரு இருக்கா?"

"விழாது."

"எப்படித் தெரியும்?"

"விழாதுன்னா விழாது!"

ஜோவ் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடினான். அந்த நேரத்தில் அவள் போன் அதிர்ந்தது. பினோம்பென்னிலிருந்து பிங்கின் மேஸ்திரி குரல் பதிவு அனுப்பியிருந்தான். ஒலியைக் குறைக்க அவளுக்குக் கை வரவில்லை. மூன்று சீட்டுக்கும் கேட்டது.

"ஏறிட்டீங்களா? சீக்கிரம் வாங்க தாயி. காய்ச்சல் நெருப்பா கொதிக்குது. கறுப்பு முட்டிக்கு மேல ஏறிடுச்சு. என்னைப் பாத்தே அண்ணன் வந்துட்டியான்னு கேக்குறான்."

ஜோவ் நிமிர்ந்து உட்கார்ந்தான். "வீட்டுக்காரராக்கா?" என்று மெதுவாகக் கேட்டான். அவள் தலையாட்டினாள். கையிலிருந்த விதைப் பொட்டலத்தை அவன் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டான்.

அப்போதுதான் அறிவிப்பு வந்தது. அனுமதி கிடைத்துவிட்டது. இஞ்சினை இயக்கப் போகிறோம். எல்லோரும் பெல்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். சிவப்புத் தொப்பிகள் கைதட்டின. கீழே இழுவை வண்டி தள்ளியதில் விமானம் ஒரு குலுக்கு குலுக்கிப் பின்னால் நகர்ந்தது.

கத்த வேண்டும் என்று ஷூசென் வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. பெல்ட்டின் பூட்டைக் கழற்றத் தெரியவில்லை. பிடுங்கினாள், நெளிந்தாள், கடைசியில் அதற்குள்ளிருந்து உடம்பை உருவிக்கொண்டு எழுந்தாள். ஷான் அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான். தையல் பிரிகிற சத்தம் கேட்டது. ஜோவின் முட்டியை மிதித்துத் தாண்டி நடைவழிக்கு வந்தாள்.

விமானப் பணிப்பெண் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். "அம்மா, உக்காருங்க! இப்ப கழிவறைக்குப் போகக்கூடாது."

"கழிவறைக்கு இல்லம்மா."

"வாந்தி வருதா? சீட்டு முன்னாடியே பை இருக்கு பாருங்க."

"காசு."

"காசெல்லாம் வேண்டாம்மா, தண்ணி சும்மாவே தருவோம். முதல்ல உக்காருங்க."

"காசு போட்டுட்டேன்மா. அந்த வாய்க்குள்ள. கிளப்பச் சொல்லாத."

அந்தப் பெண்ணின் சிரிப்பு உதட்டில் அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறியது. திரும்பி முன்னால் ஓடினாள்.

குலுக்கல் நின்றது.

அதன்பிறகு நடந்ததெல்லாம் ஷூசெனுக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. எல்லோரையும் இறக்கினார்கள். சிவப்புத் தொப்பிக்கார அம்மாள் ஒருத்தி, "உன் வீட்டுக் கிணத்துல போட வேண்டியதுதானே! எங்க ஆயுசுதான் கிடைச்சுதா?" என்று முகத்துக்கு நேராகக் கையை ஆட்டினாள். வேறொருவர் போனை நீட்டிப் படம் பிடித்தார். ஜோவ் படியில் இறங்கும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டான். "நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்க்கா. சிரிக்கிறதுக்குச் சொன்னேன். நீங்க ஏற்கெனவே போட்டுட்டு என் பக்கத்துல உக்காந்திருக்கீங்களே!"

போலீஸ் அறை சின்னது. ஒரு மேசை, நாலு நாற்காலி, வெந்நீர்க் குடுவை. ஜன்னலுக்கு வெளியே பனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. விசாரித்தது ஒரு பெண் அதிகாரி, ஷூசென் வயதுதான் இருக்கும்.

"எத்தனை போட்டீங்க?"

"மூணு. மூணும் ஒரு யுவான் காசு."

"யாராவது சொல்லிப் போட்டீங்களா?"

"இல்லம்மா. வழிக்காசு. எங்க பக்கத்து வழக்கம்."

"எனக்கும் இதே பக்கம்தான்" என்றாள் அதிகாரி. குரலில் கோபமில்லை, இரக்கமும் இல்லை. கதவருகே சுவரில் சாய்ந்து நின்ற ஷானைப் பார்த்தாள். "நீங்க பாத்தீங்களா?"

"இல்ல."

"அப்ப உங்களுக்கு இதுல வேலை இல்ல. இஞ்சினைப் பாத்து முடிச்சாங்கன்னா விமானம் மத்தியானத்துக்கு மேல கிளம்பிடும். நீங்க போகலாம். இவங்க வர முடியாது. காவல்ல வைப்பாங்க, எத்தனை நாள்னு மேல இருக்கிறவங்க முடிவு பண்ணுவாங்க."

ஷூசெனுக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. ஷான் போகிறான். சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடுவான். கையெழுத்தும் அவன் போடலாம், பிங்கும் அவன் சொன்னால்தான் கேட்பான். தன்னை எத்தனை நாள் வைத்தால் என்ன?

சொல்லலாம் என்று ஷானின் முகத்தைப் பார்த்தாள். அங்கே நிம்மதி எதுவும் இல்லை. அந்த முகத்தை அவள் முன்பு ஒருமுறை பார்த்திருக்கிறாள். திரியில் நெருப்பு வைத்துவிட்டு எல்லோரும் ஒதுங்கி நின்றபோது ஒரு வெடி மட்டும் வெடிக்கவில்லை. செத்த வெடியா, தூங்குகிற வெடியா தெரியாது. யாராவது போய்ப் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டியவன் ஷான். அன்றைக்குப் பாறையைப் பார்த்துக்கொண்டு நின்ற அதே முகம்தான்.

பழுது பார்க்கிற ஆள் ஒருவர் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். கையுறை முழுக்க எண்ணெய். ஒரு பிளாஸ்டிக் பையை மேசையில் வைத்தார்.

"கிடைச்சுடுச்சு. தரையில ரெண்டு, உள்ள ரெண்டு."

பைக்குள் நாலு காசு இருந்தது. மூன்று வெள்ளை, ஒவ்வொன்றும் ஒரு யுவான். நாலாவது மஞ்சள், அரை யுவான்.

"மூணுன்னு சொன்னீங்க?" என்றாள் அதிகாரி.

ஷூசென் அந்த மஞ்சள் காசையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவளுடையதில்லை. வீட்டில் எடுத்து, துடைத்து, சிவப்புத் துணியில் முடிந்த காசு மூன்றுதான். நாலு போடுவாளா? நாலு என்று சொன்னாலே சாவு என்று காதில் விழுகிற ஊரில், வழிக்கு நாலு காசு போடுகிற பைத்தியம் உண்டா? அது வேறு ஒருவர் போட்டது. அந்த ஆளும் குடையைச் சாய்த்துத்தான் போட்டிருப்பான். அவளுக்குப் பின்னால் நடந்து வந்த ஆள்.

அவள் ஷானை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் அதிகாரியும் சேர்ந்து பார்ப்பாள்.

"சரியா நினைச்சுச் சொல்லுங்கம்மா" என்றார் பழுது பார்க்கிறவர். "விளக்கடிச்சு, கையால சுத்திச் சுத்திப் பாத்தோம். கண்ணுக்கு எட்டின வரைக்கும் வேற இல்ல. ஆனா எல்லா இடத்துக்கும் கண்ணு எட்டாது. இன்னும் இருக்குன்னா மொத்தமாப் பிரிக்கணும், ரெண்டு நாளாகும். எத்தனை போட்டதுன்னு போட்டவங்களுக்குத்தான் தெரியும்."

ரெண்டு நாள். பிங்குக்கு இன்று ராத்திரி வரைதான்.

மஞ்சள் என்னுடையதில்லை என்றால் ஷானும் இந்த நாற்காலியில் உட்காருவான். பினோம்பென்னுக்கு யாரும் போகமாட்டார்கள். எல்லாம் என்னுடையதுதான் என்றால் விமானம் கிளம்பும். ஆனால் ஷான் எத்தனை போட்டான்? இந்த ஒன்றுதானா, இல்லை மஞ்சளுக்குப் பக்கத்தில், கண்ணுக்கு எட்டாத இடத்தில், இன்னொன்று ஒட்டிக்கொண்டிருக்கிறதா? அதைத் தெரிந்துகொள்ளாமல் சரி என்று சொன்னால் அத்தனை சிவப்புத் தொப்பிகளையும் அவளே கொன்றதாக ஆகும். ஷானையும் சேர்த்து.

"பதட்டத்துல தப்பாச் சொல்லிட்டேன்மா" என்றாள். "மஞ்சளும் என்னோடதுதான்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தாள். "நாலா? நம்ம பக்கத்துல நாலு போடுவாங்களா?"

"எண்ணாம அள்ளிப் போட்டுட்டேன்." இப்போது ஷானைத் திரும்பிப் பார்த்தாள். பார்க்கலாம், இப்போது காரணம் இருக்கிறது. "அண்ணே. காலையில என் பையில இருந்த சில்லறையைப் பாத்துட்டு நீங்கதானே கேலி பண்ணீங்க. வெள்ளை மூணு, எனக்கு நல்லாத் தெரியும். மஞ்சள்தான் குழப்பமா இருக்கு. ஒண்ணா, அதுக்கு மேலயா?"

ஷான் சுவரிலிருந்து முதுகை எடுத்து நேராக நின்றான்.

"ஒண்ணு."

"அவசரப்படாதீங்கண்ணே. நல்லா நினைச்சுச் சொல்லுங்க. அந்த விமானத்துல நீங்கதான் ஏறப்போறீங்க."

"ஒண்ணே ஒண்ணுதான்." குரல் உடைந்தது. "என் தம்பி மேல சத்தியமா ஒண்ணுதான்."

அதிகாரி ஷானைப் பார்த்தாள், ஷூசெனைப் பார்த்தாள், பைக்குள் இருந்த மஞ்சள் காசைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு அவள் பேனாவை எடுத்து எழுதினாள்.

"அப்ப முடிஞ்சுது" என்று பழுது பார்க்கிறவர் வெளியே போனார்.

விமானத்துக்கு அழைத்தபோது ஷான் அவள் முன்னால் வந்து நின்றான். மலையை உடைத்த அந்தக் கை இரண்டும் எங்கே வைப்பதென்று தெரியாமல் தொங்கின. "தங்கச்சி, நான்..." என்று தொடங்கினான்.

"போங்கண்ணே. கதவை மூடிடுவாங்க."

"எனக்குப் பயமா இருந்துச்சு புள்ள" என்றான் தாழ்ந்த குரலில். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

விமானம் கிளம்பியதை அவள் கண்ணால் பார்க்கவில்லை. ஜன்னலில் பனிதான் நின்றது. சத்தம் மட்டும் வந்தது. முதலில் ஒரு முனகல், அப்புறம் ஊளை, அப்புறம் தரையே அதிர்கிற உறுமல். அந்தத் தரையின் அடியில் அவள் சுமந்த கல் கிடக்கிறது. ஒரு கடகடப்பு வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். உறுமல் மேலே ஏறி, மலைக்கு அப்பால் போய், நூலாக மெலிந்து, இல்லாமல் போனது. இல்லாமல் போனது என்றால் தூரம் போய்விட்டதா, நின்றுவிட்டதா? அதை யாரிடம் கேட்பது?

உட்காரச் சொன்னார்கள். அவளால் உட்கார முடியவில்லை. புளிமிளகாய் போட்ட அரிசி நூடுல்ஸ் ஒரு கிண்ணம் வந்தது. சூடு ஆறி, நூடுல்ஸ் ஊறிப் பொதபொதவென்று ஆனது. அவள் தொடவில்லை. மேசையில் எந்த போன் அடித்தாலும் திரும்பிப் பார்த்தாள். ஒருமுறை அதிகாரி போனை எடுத்து, "ம், ம், எங்க?" என்று கேட்டுவிட்டு நெற்றியைச் சுருக்கினாள். ஷூசென் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள். அது யாரோ தொலைத்த பெட்டியைப் பற்றிய பேச்சு.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் அதிகாரி வந்தாள்.

"இறங்கிடுச்சு."

ஷூசென் நாற்காலி வரை போகாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதிகாரி தூக்கிவிடவில்லை. கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றாள், அவ்வளவுதான். காவலுக்கு அழைத்துப்போக வண்டி வரும், அதுவரை இங்கேயே இருக்கலாம் என்றாள்.

வண்டி வருவதற்கு முன்னால் ஷூசெனின் போன் அடித்தது. அது அதிகாரியின் மேசை இழுப்பறையில் இருந்தது. எடுத்துப் பெயரைப் பார்த்துவிட்டு நீட்டினாள்.

ஷான் பேசினான். மூச்சு வாங்கியது. "வந்துட்டேன். பாத்துட்டேன். எடுக்கட்டும்னு சொல்லிட்டேன். கையெழுத்துப் போட்டுட்டேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"என்னைத் தெரிஞ்சுதா இல்லையான்னே தெரியலை. தலையை ஆட்டினான். உன்னைக் கேட்டான். அவ அடுத்த விமானத்துல வர்றான்னு சொன்னேன்."

"டாக்டர்?"

"நேரமாயிடுச்சாம். முட்டிக்கு மேலேயே எடுக்கணுமாம். பாக்கலாம்னுதான் சொல்றான். நல்லாயிடும்னு சொல்ல மாட்டேங்குறான். உள்ள தள்ளிட்டுப் போயிட்டாங்க. கதவைச் சாத்திட்டாங்க. மேல ஒரு சிவப்பு விளக்கு எரியுது. நான் வெளிய நிக்கிறேன்." கொஞ்சம் நிறுத்தினான். "என் கை நடுங்குது புள்ள. போனைப் பிடிக்க முடியலை."

"ரெண்டு கையாலயும் பிடிங்க. வைக்காதீங்க."

"என்ன பேசுறது?"

"ஒண்ணும் பேச வேண்டாம். கதவு திறக்கிற வரைக்கும் வைக்காதீங்க."

போனில் யாரோ நடக்கிற செருப்புச் சத்தமும், தெரியாத மொழியில் ஒரு பேச்சும், ஷானின் மூச்சும் கேட்டன. வெளியே வண்டி வந்து நின்றது. அதிகாரி எழுந்து கதவருகே போய், வந்தவர்களிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். ஷூசென் தரையில் உட்கார்ந்தபடி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அங்கே சிவப்பு விளக்குக்குக் கீழே அந்தக் கதவு திறக்கிற சத்தத்துக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.